ஒன்றுமில்லாத தண்ணீர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். பாட்டிலைக் காலி செய்தவர் அதை நிரப்பித்தான் வைக்க வேண்டும். இரண்டையும் போட்டது அம்மா. காலி பாட்டிலை உள்ளே வைத்தவருக்கு அன்று முழுவதும் காது வலிக்கும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எட்டாவது மாடியில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலை செய்வான். அப்போதெல்லாம் வராத பயம், ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் அவனுக்கு வந்துவிடும்.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு அவளுக்கு என்று ஆகிவிட்டது. அவள் நீர் ஆய்வு நிலையத்தில் வேலை செய்கிறாள். நிலையத்தில் இருக்கும் குளிர்பெட்டி மின்சாரம் போகும்போதெல்லாம் படுத்துவிடும். அதனால் கிணறுகளிலிருந்து எடுத்துவரும் தண்ணீரை ஓர் இரவு எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, காலையில் கொண்டுபோவாள். அப்படி வைக்கக் கூடாது என்பது விதி. வைக்காவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்பது நிலைமை.

மழை வருடக்கணக்காக ஏமாற்றிவிட்டு ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்தால் கிணறுகளுக்கு என்ன ஆகும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வறட்சியில் வயலில் போட்ட உரம் பயிருக்குப் போகாமல் மண்ணிலேயே தங்கிவிடும். பெருமழை வந்ததும் அது மொத்தமாகக் கரைந்து நிலத்தடிக்கு இறங்கும். அப்படி இறங்கும் பொருளின் பெயர் நைட்ரேட். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியும் இல்லை. பெரியவர்களுக்கு உடனே எதுவும் தெரியாது. கைக்குழந்தை குடித்தால் ரத்தத்துக்கு மூச்சுக்காற்றைச் சுமக்கும் சக்தி போய், உதடு நீலமாகிவிடும்.

நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டோடு இருந்ததால் கிணறுகளுக்குப் போகும்போது அண்ணி என்னையும் கூட்டிக்கொள்வாள். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலச வேண்டும், நிரப்ப வேண்டும், பெயர் எழுதி ஒட்ட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டிலேயே நான் பேசுவது அபூர்வம். அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் வாயாடி.

நிரப்பும் பாட்டில்களோடு இன்னொரு பாட்டிலும் எங்களோடு வரும். அதில் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் இருக்கும். பிளாங்க் என்பார்கள். எங்களோடு ஊர் சுற்றி, எங்களோடு திரும்பி, மற்ற பாட்டில்களோடு சோதனைக்குப் போகும். அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. இருந்தால், அழுக்கு கிணற்றில் இல்லை, எங்கள் கையிலோ பாட்டிலிலோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு பாட்டில் கெட்டால் அன்று எடுத்த அத்தனையும் கெட்டதாகிவிடும்.

அன்று அண்ணி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கழற்றிய செருப்பில் ஒன்று வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அம்மா ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பிளாங்க் கெட்டுப்போச்சு," என்றாள் அண்ணி. "கிணத்துல எவ்வளவு நைட்ரேட் இருக்கோ, கிட்டத்தட்ட அவ்வளவு அதுலயும் இருக்கு."

அம்மாவின் மெஷின் நின்றது. "அப்படின்னா?"

"மழைக்கு அப்புறம் எடுத்த எதையும் நம்ப முடியாதுன்னு ஆயிடும், அத்தை. வயல் பக்கத்துக் கிணறெல்லாம் குடிக்க லாயக்கில்லன்னு அறிக்கை எழுதியிருக்கேன்ல? அதைத் திங்கட்கிழமைக்குள்ள நானே வாபஸ் வாங்கணுமாம். இல்லைன்னா இயக்குநரே ரத்து பண்ணிடுவாராம்."

அம்மா என்னைப் பார்த்தாள். "உன் கை சுத்தமாத்தானே இருந்துச்சு?"

நான் தலையாட்டினேன்.

"அவ மேல தப்பில்ல," என்றாள் அண்ணி. "ஒண்ணுமே இல்லாத தண்ணி அது. உப்பு கிடையாது, கிருமி கிடையாது. வாயில வெச்சா சப்புன்னு இருக்கும். அதுக்குள்ள எப்படிப் போச்சுன்னுதான் புரியல."

பிசைந்துகொண்டிருந்த அண்ணன் கை நின்றது.

"சப்புன்னா, எப்படி? நாக்குல எதுவுமே ஒட்டாத மாதிரியா?"

"ஆமா. ஏன்?"

அவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான். "வெள்ளை மூடியா?"

அண்ணி தலையாட்டினாள். வெள்ளை மூடி போட்ட அதே மாதிரி பாட்டில்கள் எங்கள் ஃபிரிட்ஜில் குடிக்கவும் இருந்தன. மூடி இறுகவில்லை என்று நிலையத்தில் கழித்துப்போட்ட புதுப் பாட்டில்களை, நல்ல பொருளைத் தூக்கிப் போடுவதா என்று அம்மாதான் வாங்கி வைத்திருந்தாள்.

"அன்னிக்கு லிஃப்ட் நடுவுல சிக்கிக்கிச்சு," என்று அண்ணன் ஆரம்பித்தான். "வெயில்ல மண்டை காஞ்சு வந்தேன். ஒரு பாட்டில்ல மட்டும் பேர் ஒட்டல. ஈரத்துல கழண்டிருக்கும் போல. நான் அம்மா பாட்டில்னு நெனச்சேன்."

"குடிச்சீங்களா?"

"முழுசா."

"குடிச்சிட்டு?"

"நிரப்பி வெச்சேன்." அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "எடுத்த இடத்துலயே வெச்சேன்."

அவன் குடித்ததற்கு மறுநாள் காலையில் பெட்டிக்குள் ஒரு பாட்டில் மட்டும் பெயரில்லாமல் இருந்தது எனக்கு நினைவு வந்தது. மற்ற எல்லாவற்றிலும் பெயர் இருந்ததால் அதுதான் பிளாங்க் என்று அண்ணி புதிதாக எழுதி ஒட்டினாள்.

அண்ணி அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "எந்தக் குழாயில நிரப்பினீங்க?"

"எந்தக் குழாய்னா? சமையலறைக் குழாய்தான்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து, நூல் போல் விழுந்த தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அத்தை, இது மலை ஏரித் தண்ணிதானே?"

"அப்படித்தானே சொல்றாங்க. ஊருக்குத் தண்ணி விட்ட கிணத்தையெல்லாம் மூடியாச்சுன்னு நோட்டீஸ் கூடக் குடுத்தாங்க."

"ஏரித் தண்ணியில இவ்வளவு நைட்ரேட் வராது." குழாயை மூடினாள். "வறட்சியில ஏரி அடிமட்டத்துக்குப் போச்சு. அப்போ சத்தமில்லாம கிணத்தைத் திறந்து விட்டவங்க, மழைக்கு அப்புறமும் மூடல. இத்தனை நாளா நாம குடிக்கிறது வயல் தண்ணி."

அண்ணன் தலையைத் தூக்கினான். "அப்போ நான் குடிச்சது நல்லதுக்குத்தானா?"

"நீங்க வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க," என்றாள் அண்ணி. ஆனால் குரலில் கோபம் இல்லை.

அன்று மாலையே குழாய்த் தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்தாள். கிணறும் குழாயும் ஒரே மாதிரி இருந்தன. அதை இயக்குநரிடம் கொண்டுபோனாள். அவர் மோசமான ஆள் இல்லை. நிலையத்துக்கு நிதி தருவது குடிநீர் அலுவலகம், அவ்வளவுதான். அவர் கேட்டதை அண்ணி வீட்டில் அப்படியே நடித்துக் காட்டினாள்.

"'உன் வீட்டுக்காரர் குடிச்சிட்டார்னு சொல்றியே, இதெல்லாம் ஒரு காரணமாம்மா?'ன்னார். 'அவர் குடிச்சது காரணம் இல்ல சார், நிரப்பினதுதான் காரணம்'னேன். குடிநீர் அலுவலகத்துக்கே போன் பண்ணி, நேர்ல வந்து பார்க்கச் சொல்லிட்டார்."

"எப்ப வராங்க?" என்றாள் அம்மா.

"வெள்ளிக்கிழமை."

"வரப்போறேன்னு சொல்லிட்டுத்தான் வருவாங்களா?" என்றாள் அம்மா. "கடைக்கு இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்குத் தராசு சரியாத்தான் இருக்கும்."

அப்படியே ஆனது. வெள்ளிக்கிழமை காலை ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். சட்டை மடிப்புக் கலையாத, என் அண்ணன் வயது ஆள். சின்னச் சோதனைக் குப்பியில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நைட்ரேட் இருந்தால் சிவக்கும். சிவக்கவில்லை.

"பாருங்கம்மா," என்றார். "கண்ணாடி மாதிரி இருக்கு."

"நேத்துலேர்ந்து ஏரித் தண்ணியைத் திருப்பி விட்டிருக்கீங்க," என்றாள் அண்ணி.

"நான் இன்னிக்குப் பார்க்கிறதைத்தான் எழுத முடியும்."

அம்மா சமையலறை மூலையில் இருந்த நீல டிரம்மைத் தட்டினாள். எங்கள் தெருவில் சனிக்கிழமை காலையில் மட்டும்தான் தண்ணீர் வேகமாக வரும். அன்று எல்லா வீடுகளிலும் டிரம்மைக் கழுவி நிரப்பி வைத்துக்கொள்வோம். மற்ற நாட்களில் சொட்டுவது குடிக்கக்கூடக் காணாது.

"இது போன சனிக்கிழமை பிடிச்சது. இதையும் கொஞ்சம் பாருங்க."

அதிகாரி சிரித்தார். "வீட்டு டிரம்ல நீங்க என்ன வேணாலும் கலந்திருக்கலாம். குழாய் வரைக்கும்தான் எங்க பொறுப்பு."

ஜீப் போனது. அம்மா வாசலில் நின்று அது தெருமுனையில் திரும்பும் வரை பார்த்தாள். "மடிப்புக் கலையாம பொய் சொல்றான் பாரு," என்றாள்.

அண்ணி டிரம் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். தனக்குத்தானே சொல்வது போல் சொன்னாள். "ஒரு வீட்டு டிரம்ல நாம கலந்திருக்கலாம். தெரு முழுக்க எப்படிக் கலப்போம்?"

மறுநாள் சனிக்கிழமை. விடிந்தால் தெருவே டிரம்களைக் கழுவிவிடும். குழாயை அவர்கள் சுத்தம் செய்தாகிவிட்டது. மிச்சம் இருக்கிற ஒரே சாட்சியை நாங்களே எங்கள் கையால் கழுவி ஊற்றப்போகிறோம்.

அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, இடம் பண்ணுவதற்காகத் தன் பாட்டில்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்தாள். அண்ணி நிலையத்துக்கு ஓடி இன்னும் ஒரு பெட்டி காலிப் பாட்டில்கள் கொண்டுவந்தாள். பிளாங்க் பாட்டிலையும் நிரப்பி வந்தாள்.

"இந்தப் பக்கம் நான் போறேன். எதிர்ப்பக்கம் நீ போ," என்று என்னிடம் சொன்னாள்.

"மாட்டேன் அண்ணி."

"பேச வேண்டாம்டி. பாட்டிலை நீட்டி, 'டிரம்ல இருந்து கொஞ்சம் தண்ணி வேணும்'னு சொல்லு. போதும்."

"அதுவே பேச்சுத்தானே?"

"இப்பவே நாலு வார்த்தை ஆச்சு," என்றான் அண்ணன். "இந்த மாசக் கோட்டா முடிஞ்சுது."

அவன் சிரித்ததில் எனக்குக் கோபம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முதல் வீடு கண்ணாடிக் கடைக்காரருடையது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "தையல்காரம்மா வீட்ல தண்ணி இல்லையாம். பொண்ணை அனுப்பியிருக்காங்க." உள்ளிருந்து அவர் மனைவி ஒரு குடத்தோடு வந்துவிட்டாள். குடம் வேண்டாம், ஒரு பாட்டில் போதும், அதுவும் சோதிக்கத்தான் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் சொல்லிவிட்டேன். பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்பினேன். பெயர் எழுதினேன்.

இரண்டாவது வீட்டில் கதவைத் திறந்த ஆள், "வேற வேலை இல்லையா?" என்று சாத்திவிட்டார். வழக்கமாக இருந்தால் நான் அடுத்த வீட்டுக்குக்கூடப் போயிருக்க மாட்டேன், நேராக எங்கள் வீட்டுக்கு ஓடியிருப்பேன். அன்று மறுபடியும் தட்டினேன். அவர் திறந்தார். "இல்லைங்க. இன்னிக்கு இதுதான் வேலை," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

அடுத்த வீட்டில் இருந்தவள் சின்னப் பெண். இடுப்பில் குழந்தை, அடுப்புப் பக்கத்தில் பால் மாவு டப்பா. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மாவைக் கலந்துகொண்டிருந்தாள்.

"டிரம்லேர்ந்து எடுத்துக்கோ," என்றாள் என்னைப் பார்க்காமல்.

அண்ணி சொன்ன வாக்கியத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை. தண்ணீரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். குழந்தை என்னைப் பார்த்து வாயைத் திறந்தது.

"அந்தப் பாலைக் குடுக்காதீங்க," என்றேன்.

"ஏன்? கொதிக்க வெச்ச தண்ணிதான்."

"கொதிக்க வெச்சா இது போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும்."

அவள் கை அந்தரத்தில் நின்றது. "என்ன கூடும்?"

சொன்னேன். கிணறு, வயல், மழை, ஏரி, குழந்தையின் ரத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் எங்கும் பேசியதில்லை. அவள் பாலைத் தொட்டியில் ஊற்றினாள். குழந்தையின் உதட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தது. முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "இரு, நானும் வரேன்," என்றாள். "இந்தப் பக்கத்துல பாதிப் பேருக்கு என் வாயைக் கண்டாப் பயம். கதவைத் திறப்பாங்க."

திறந்தார்கள். சாயங்காலத்துக்குள் எதிர்ப்பக்கம் முடிந்துவிட்டது.

ஃபிரிட்ஜில் இடம் போதவில்லை. சாப்பாட்டுப் பாத்திரங்களை எல்லாம் அம்மா வெளியே எடுத்துவிட்டாள். பிளாங்க் பாட்டிலின் பெயர் இந்த முறை கழறாதபடி அண்ணன் தன் பையிலிருந்த டேப்பால் சுற்றோ சுற்று என்று சுற்றினான். கதவைச் சாத்தி, கைப்பிடியை ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கினான். பிறகு லிஃப்டில் மாட்டும் சிவப்பு அட்டையைக் கொண்டுவந்து அதில் தொங்கவிட்டான். 'பழுது பார்க்கப்படுகிறது. உபயோகிக்க வேண்டாம்.'

"யாருக்கு இந்த அட்டை?" என்றாள் அம்மா.

"எனக்குத்தான்," என்றான்.

சனிக்கிழமை காலையில் நானும் நிலையத்துக்குப் போனேன். அண்ணி முதலில் பிளாங்க்கை வைத்தாள். கருவியின் திரையில் பூஜ்ஜியம் வந்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கண்ணாடிக் கடைக்காரர் வீடு, கதவைச் சாத்தியவர் வீடு, குழந்தை வீடு என்று ஒவ்வொன்றாக வைத்தோம். தெரு முழுவதும் வரம்பைத் தாண்டியிருந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் இல்லை. அவர்கள் கேன் தண்ணீரை டிரம்மில் ஊற்றி வைக்கிறவர்கள். அன்று விடியலில் குழாயில் பிடித்ததும் வரம்பைத் தாண்டியிருந்தது; ஜீப் போனதும் மறுபடி கிணற்றைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி அறிக்கையைத் திருத்தி எழுதினாள். நடுவில் தலையைத் தூக்கி அண்ணனிடம் கேட்டாள். "உங்களைப் பத்தி எழுதணும். 'வீட்டில் ஒருவர்'னு போடட்டுமா?"

"வீட்ல ஒருத்தர்னா நான்னு நெனச்சுக்குவாங்க," என்றாள் அம்மா. "புருஷன்னே போடு."

அண்ணன் பெருமூச்சு விட்டான். "போடு. லிஃப்ட்ல இறங்குறவன் ஏறுறவன் எல்லாம் சிரிக்கட்டும்."

திங்கட்கிழமை இயக்குநர் அறைக்குப் பாட்டில் பெட்டியை நான்தான் தூக்கிப் போனேன். அவர் எல்லாத் தாள்களையும் படித்தார். ஒரு பக்கம் வந்ததும் நிறுத்தினார். அதைச் சத்தமாகப் படித்தார்.

"'மாதிரிகளை விதிக்கு மாறாக என் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தேன். பிளாங்க் நீரை என் கணவர் குடித்துவிட்டு, வீட்டுக் குழாயில் நிரப்பி வைத்தார்.' இதை அச்சுல போடணுமா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒண்ணு சொல்றேன் கேளும்மா. மழை வந்தா கிணத்துல நைட்ரேட் ஏறுதுங்கிறதுதான் உன் ஆராய்ச்சி. கிணத்துல மறுபடி தண்ணி எடு, புது பிளாங்க் வை, அந்தக் கணக்கை மட்டும் போடு. இன்னிக்கே கையெழுத்துப் போட்டு அவகாசம் தரேன். குழாயையும் டிரம்மையும் விட்டுடு. குழாய்னு ஒரு வார்த்தை இருந்தா இது குடிநீர் அலுவலகத்துக்குக் கருத்துக் கேட்டுப் போகும், எப்பத் திரும்பி வரும்னு எனக்கே தெரியாது. உன் பேரும் கெடும். வீட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சவளாம்னு சிரிப்பாங்க."

அண்ணி அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அந்த ஆராய்ச்சி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இந்த வேலைக்காக அவள் வெயிலில் அலைந்ததை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

"சிரிக்கட்டும் சார்," என்றாள். "என் தப்பை எடுத்துட்டா, அந்தத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு சொல்லவே முடியாது. ஒரு எழுத்துக் கூட மாத்த மாட்டேன். கருத்துக் கேட்டு அனுப்புங்க."

"அனுப்பிட்டா மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது."

"தெரியும் சார். தண்ணி குடுத்தவங்களுக்கு முடிவைச் சொல்லணும்ங்கிறது நம்ம விதிதானே? கிணத்துக்காரங்களுக்கு எப்பவும் சொல்றோம்ல. டிரம்காரங்களுக்கும் இன்னிக்கே சொல்லிடுவோம்."

இயக்குநர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு யாரு?"

"வாயாடி," என்றாள் அண்ணி.

அன்றே அறிக்கை குடிநீர் அலுவலகத்துக்குப் போனது; நான் மறுபடியும் அதே கதவுகளைத் தட்டினேன். இந்த முறை கையில் சீட்டுகள். வீட்டுக்கு ஒரு சீட்டு. அவர்கள் டிரம்மில் நைட்ரேட் எவ்வளவு, எவ்வளவு வரை இருக்கலாம், கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம், கொதிக்க வைத்தாலும் வேண்டாம். கதவைச் சாத்தியவர் சீட்டை வாங்கித் தன் வாசல் கதவிலேயே ஒட்டினார். அதைப் பார்த்து அடுத்த வீட்டிலும் ஒட்டினார்கள். இரண்டு நாளில் எந்தக் கதவைப் பார்த்தாலும் எங்கள் சீட்டு.

அதற்கு மறுநாள் ஜீப் வந்தது. மத்தியான வெயில். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

"இந்தச் சீட்டெல்லாம் யார் குடுத்தது?" என்றார் அதிகாரி. சட்டை மடிப்பு இன்றும் கலையவில்லை.

"நான்தான்."

"பெரியவங்க யாரும் இல்லையா?"

"நான்தான் குடுத்தேன். என்கிட்டயே கேளுங்க."

"மக்களைப் பீதியாக்கக் கூடாது. எல்லாத்தையும் இன்னிக்கே கிழிக்கணும்."

"அது அவங்க வீட்டுத் தண்ணி, அவங்க கதவு. அவங்ககிட்டப் போய்க் கிழிக்கச் சொல்லுங்க. குழாய் வரைக்கும்தானே உங்க பொறுப்பு?"

அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் அந்தச் சின்னப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணாடிக் கடைக்காரரும் வந்து நின்றார். யாரும் உள்ளே போகவில்லை.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். மீதமிருந்த காலிப் பாட்டில்கள் பக்கத்திலேயே பெட்டியில் இருந்தன. ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"உங்க வீடும் இந்தக் குழாய் லைன்லதானே இருக்கு?"

அவர் பாட்டிலையே பார்த்தார். பாட்டிலை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் நீட்டிய கையை இறக்கவில்லை.

கடைசியில் வாங்கிக்கொண்டார். ஜீப் பக்கம் முதுகைத் திருப்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதை எப்படிப் பிடிக்கணும்?"

"டிரம் தண்ணியாலேயே மூணு தடவை அலசிட்டு நிரப்புங்க. பேர் எழுதுங்க. நாளைக்குக் காலையில குடுங்க."

"அதுவரைக்கும்?"

"ஃபிரிட்ஜ்ல வையுங்க," என்றேன். "வீட்ல யாரையும் குடிக்க விடாதீங்க."